எந்த மாத்திரை, எந்த நாள்? உறைவெதிர்ப்பு மருந்துகளும் ஆன்டிபயாடிக்குகளும்

1. கேள்வி

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்களின் பையில் பெரும்பாலும் ஒரு சிறு நோட்டு இருக்கும். தேதி, பி.டி., ஐ.என்.ஆர். (இவ்விரண்டும் இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவுகள்), மாத்திரை அளவு என்று நான்கு கட்டங்கள். மாத்திரைக் கட்டத்தில் 'ஒரு நாள் 2, மறுநாள் 3' என்றோ 'ஞாயிறு மட்டும் அரை' என்றோ பேனாவில் எழுதியிருப்பார்கள். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் இந்த மாத்திரை குறைந்தால் வால்வில் கட்டி சேரும், கூடினால் எங்காவது கசியும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறுகலானது. அதனால்தான் இத்தனை கணக்கு.

இந்த நோயாளிக்கு ஒரு காய்ச்சல் வருகிறது. ஒரு ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது. அடுத்த ஐ.என்.ஆர். 2.5 என்று வர வேண்டியது 6 என்று வருகிறது. மருத்துவ நூல்கள் இதற்கு ஒரு பட்டியலைத் தருகின்றன: மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகியவை ஆகாதவை, மற்றவை பரவாயில்லை. அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்ட வழிகாட்டு நெறியும் 'சில ஆன்டிபயாடிக்குகளைத்' தவிர்க்கும்படியே சொல்கிறது.

இந்தப் பட்டியல் எந்தச் சான்றின்மேல் நிற்கிறது என்பதைப் பார்ப்பது இக்கட்டுரையின் முதல் நோக்கம். ஐ.என்.ஆர். ஏறியதற்குக் காரணம் மருந்தா, அந்த மருந்தைச் சாப்பிட வைத்த நோயா? சான்றுகளில் பெரும்பகுதி வட அமெரிக்காவின் முதியவர்களிடம், வார்ஃபரின் என்ற ஒரே மருந்தை வைத்துத் திரட்டப்பட்டது. தமிழ்நாட்டின் வால்வு நோயாளிக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது இரண்டாவது கேள்வி. பட்டியல் பொய்யென்று நான் சொல்லப் போவதில்லை. எந்த மாத்திரை என்று மட்டும் கேட்டு, எந்த நாளில் இரத்தத்தைப் பார்ப்பது என்று கேட்காமல் விடுவதால்தான் அது பாதிப் பயனோடு நின்றுவிடுகிறது என்பது என் வாதம்.

2. மாட்டுத் தீவனத்திலிருந்து மருந்துச்சீட்டுக்கு

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குச் சமவெளியிலும் கெட்டுப்போன 'ஸ்வீட் குளோவர்' தீவனம் தின்ற மாடுகள் நிற்காத இரத்தப்போக்கால் இறந்தன. 1933 பிப்ரவரியில் ஒரு விவசாயி செத்த கன்றையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் குழு சில ஆண்டுகள் உழைத்து டைகூமரால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. அதே குடும்பத்தில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலிமருந்தாகக் கடைக்கு வந்தது, 1954இல் மனிதருக்கான மருந்தாக அனுமதி பெற்றது. மறு ஆண்டு மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்கும் அது கொடுக்கப்பட்டது.

நமக்கு வேண்டியது அது வேலை செய்யும் விதம். இரத்தம் உறையத் தேவையான காரணிகளுள் 2, 7, 9, 10 ஆகிய நான்கையும் கல்லீரல்தான் செய்கிறது. செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை மீண்டும் பயன்படும் நிலைக்குக் கொண்டுவரும் நொதி ஒன்று உண்டு. வார்ஃபரின் அந்த நொதியைத் தடுக்கிறது. புதிய காரணிகள் முழுமை பெறாமல் வெளிவருகின்றன. பழையவை மெல்லத் தீர்கின்றன. 7ஆம் காரணி சில மணி நேரத்தில் பாதியாகும். 2ஆம் காரணி பாதியாக இரண்டு நாளுக்கு மேல் ஆகும். இன்று செய்த மாற்றத்தின் முழு விளைவு நாளை தெரியாமல் மூன்று நான்கு நாள் கழித்துத் தெரிவதற்கு இதுவே ஒரு காரணம். இந்தத் தாமதத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கட்டுரையின் கடைசிவரை இது வரும்.

3. மூன்று விளக்கங்கள்

ஆன்டிபயாடிக் ஏன் ஐ.என்.ஆர். அளவை ஏற்றுகிறது என்பதற்கு மருந்தியல் மூன்று விளக்கங்களைச் சொல்லி வந்திருக்கிறது. மூன்றும் ஒரே வலுவுடையவை அல்ல.

முதலாவது கல்லீரல் சார்ந்தது. வார்ஃபரின் மாத்திரையில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு மூலக்கூறுகள் கலந்திருக்கின்றன: எஸ் வடிவம், ஆர் வடிவம். எஸ் வடிவமே பல மடங்கு வீரியமானது. அதைச் சிதைப்பது சைப் 2சி9 என்ற கல்லீரல் நொதி. ராபர்ட் ஓ'ரைலி 1976இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இரு வடிவங்களையும் தனித்தனியே கொடுத்து, கூடவே மெட்ரோனிடசோலும் கொடுத்துப் பார்த்தார். எஸ் வடிவத்தின் விளைவு மட்டும் கூடியது, ஆர் வடிவம் அசையவில்லை. பின்னர் கோட்ரைமாக்சசோலை வைத்தும் இதே வகை ஆய்வைச் செய்தார். இந்த ஆய்வுகளின் பெருமை அவற்றின் நுட்பத்தில் மட்டும் இல்லை. மாத்திரை விழுங்கியவர்கள் ஆரோக்கியமான தன்னார்வலர்கள். அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, சாப்பாடு குறையவில்லை. ஆகவே ஏறிய அளவுக்கு நோயைக் காரணம் காட்ட முடியாது. மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல் இரண்டும் குற்றவாளிகளே என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லாததற்கு இதுவே அடிப்படை. பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோலும் இதே நொதியைத்தான் தடுக்கிறது.

இரண்டாவது விளக்கம் குடல் சார்ந்தது. பாடநூல்களில் மிகப் பிரபலம். நோயாளிக்குச் சொல்வதற்கும் எளிது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் வைட்டமின் கே2-ஐ உண்டாக்குகின்றன; ஆன்டிபயாடிக் அவற்றைக் கொல்கிறது; வைட்டமின் குறைகிறது; ஐ.என்.ஆர். ஏறுகிறது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இரண்டு இடங்களில் இடிக்கிறது. கொழுப்பில் கரையும் இந்த வைட்டமினை உடல் உறிஞ்சப் பித்தநீர் வேண்டும். அந்த வேலை நடப்பது சிறுகுடலில். பாக்டீரியாக்கள் கூட்டமாக இருப்பதோ பெருங்குடலில். அங்கே உண்டாகும் கே2 எவ்வளவு இரத்தத்தில் சேர்கிறது என்பது இன்றுவரை விவாதத்துக்குரியது. மேலும், குடல் பாக்டீரியாக்களை அழிப்பதே காரணமானால் பலவகைக் கிருமிகளைத் தாக்கும் எல்லா ஆன்டிபயாடிக்குகளும் ஏறத்தாழ ஒரே அளவில் ஐ.என்.ஆர். அளவை ஏற்ற வேண்டும். அப்படி நடப்பதில்லை. நல்ல சாப்பாடு சாப்பிடும் ஒருவருக்கு இந்த வழி தனியாகப் பெரிய பாதிப்பைத் தராது. நாள்கணக்கில் வாய்வழி உணவில்லாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்கு இது பொருட்படுத்த வேண்டியதாகலாம்.

மூன்றாவது விளக்கம் அதிகம் பேசப்படாதது. நம் மருத்துவமனைகளுக்கு அது நெருக்கமானது என்பதால் சொல்கிறேன். செஃபலோஸ்போரின் குடும்பத்தில் சில மருந்துகளின் மூலக்கூறில் என்.எம்.டி.டி. எனப்படும் பக்கச்சங்கிலி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வார்ஃபரின் தடுக்கும் அதே வைட்டமின் கே சுழற்சியைத் தானும் தடுக்கிறது. அதாவது இந்த ஆன்டிபயாடிக், அளவில் சிறியதானாலும், தானே ஓர் உறைவெதிர்ப்பு மருந்து. வார்ஃபரின் சாப்பிடாதவருக்கும் இதனால் இரத்தக்கசிவு நேர்ந்திருக்கிறது. லாட்டமாக்செஃப் என்ற மருந்து 1980களில் இந்தக் காரணத்தாலேயே மேற்கில் மதிப்பிழந்தது. அதே சங்கிலியுடைய செஃபோபெரசோன், சல்பாக்டத்தோடு சேர்ந்த ஊசியாக இந்திய மருத்துவமனைகளில் தாராளமாகப் போடப்படுகிறது. மேற்கின் எச்சரிக்கைப் பட்டியல்களில் அதன் பெயர் பெரிதாகத் தென்படாததற்குக் காரணம், அங்கே அதன் புழக்கம் குறைவு என்பதே.

4. மருந்தா, காய்ச்சலா?

இனி மக்களிடம் திரட்டிய சான்றுகள். நான்கு ஆய்வுகளை எடுத்துக்கொள்கிறேன். அவை முறையில் வேறுபடுகின்றன, அந்த வேறுபாட்டில்தான் விடை இருக்கிறது.

2012இல் பெய்லர்ஜன் குழுவினர் அமெரிக்க மெடிகேர் காப்பீட்டுத் தரவுகளில் வார்ஃபரின் சாப்பிடும் 65 வயது கடந்த 38,762 பேரை எடுத்துக்கொண்டார்கள். இரத்தக்கசிவால் மருத்துவமனையில் சேர்ந்த 798 பேரை, சேராத 2,394 பேருடன் ஒப்பிட்டார்கள். சமீபத்தில் ஏதேனும் ஓர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் இரத்தக்கசிவு வாய்ப்பு ஏறத்தாழ 2 மடங்கு. வகைவாரியாகப் பார்த்தால் பூஞ்சை எதிர்ப்பு அசோல்களுக்கு 4.57, கோட்ரைமாக்சசோலுக்கு 2.70, செஃபலோஸ்போரின்களுக்கு 2.45, பெனிசிலின்களுக்கு 1.92, மேக்ரோலைடுகளுக்கு 1.86, குயினலோன்களுக்கு 1.69.

இந்த வரிசையை நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் நொதி விளக்கத்துக்கு ஒத்துவருகின்றன. அதன் பிறகு வரிசை கலைகிறது. சைப் 2சி9 நொதியைத் தொடாத பெனிசிலினும் செஃபலோஸ்போரினும், 'ஆகாதவை' பட்டியலில் நிரந்தர இடம் பிடித்த மேக்ரோலைடு, குயினலோன் இரண்டுக்கும் மேலே நிற்கின்றன. பக்கச்சங்கிலியுள்ள செஃபலோஸ்போரின்கள் பெரும்பாலும் ஊசிகள். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றிய இந்தக் கணக்கை அவற்றைக் காட்டி விளக்க முடியாது. மருந்தல்லாத வேறொன்று எல்லா வகைகளுக்கும் பொதுவாக இருந்து அளவை ஏற்றுகிறது என்ற ஐயம் இங்கேதான் எழுகிறது. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்ன? நோய்த்தொற்று.

தொற்று வந்த உடலில் நடப்பதை வரிசையாக நினைத்துப் பார்க்கலாம். காய்ச்சலில் உறைவுக் காரணிகள் வேகமாகச் சிதைகின்றன. அழற்சியில் சுரக்கும் இன்டர்லூகின்-6 முதலானவை கல்லீரல் நொதிகளின் உற்பத்தியையே குறைக்கின்றன. மருந்து எதுவும் தடுக்காமலேயே வார்ஃபரின் தேங்குகிறது. வாய் கசந்து கஞ்சியும் ரொட்டியுமாக நாலு நாள் ஓடும், கீரை இலைக்கு வருவதே இல்லை; வைட்டமின் கே-யின் வரவு நிற்கிறது. கூடவே பாரசிட்டமால். நாளுக்கு 2 கிராம் முதல் 4 கிராம் வரை சில நாள் சாப்பிட்டால் அதுவும் ஐ.என்.ஆர். அளவை ஏற்றும் என்பது கட்டுப்பாட்டுச் சோதனைகளில் நிறுவப்பட்டது. உடம்புவலிக்கென்று டைக்ளோஃபெனாக் ஊசி ஒன்றும் சேர்ந்தால், ஐ.என்.ஆர். மாறாமலேயே வயிற்றில் கசிவு தொடங்க வழியுண்டு. இத்தனையும் நடந்த வாரத்தில் ஆன்டிபயாடிக்கும் இருந்தது. பழி அதன்மேல் விழுகிறது.

2014இல் கொலராடோவிலிருந்து வந்த கிளார்க் குழுவினரின் ஆய்வு இந்த ஐயத்தை நேரடியாகச் சோதித்தது. வார்ஃபரின் சிகிச்சை நிலையாக இருந்தவர்களை மூன்று அணியாகப் பிரித்தார்கள்: ஆன்டிபயாடிக் தொடங்கியவர்கள் 5,857 பேர், சளி, இருமல் போன்ற மேல் சுவாசத் தொற்று வந்தும் ஆன்டிபயாடிக் சாப்பிடாதவர்கள் 570 பேர், எதுவும் இல்லாதவர்கள் 5,579 பேர். ஐ.என்.ஆர். 5 அல்லது அதற்கு மேல் போனவர்கள் முறையே 3.2, 2.6, 1.2 விழுக்காடு. ஆன்டிபயாடிக்கே தொடாத நோயாளிகளும் ஆரோக்கியமானவர்களைவிட இரு மடங்கு ஏறியிருக்கிறார்கள்; மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல் முறையில் நிலைக்கவில்லை.

இந்த ஆய்வைக் காட்டி 'ஆன்டிபயாடிக் மேல் குற்றமில்லை' என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அவசர முடிவு அது. இரண்டாம் அணியில் 570 பேர்தான், அவர்களில் 2.6 விழுக்காடென்றால் பதினைந்து பேர். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் வேறுபாடு தெரியவில்லை என்பது வேறுபாடு இல்லை என்பதற்குச் சமமாகாது. தவிர, முதல் அணியில் எல்லா ஆன்டிபயாடிக்குகளையும் ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள். தீங்கற்றவை பல சேர்ந்து தீங்கான சிலவற்றை மறைத்துவிடும். பிரித்துப் பார்த்தபோது அதே ஆய்விலும் மெட்ரோனிடசோல் தனியே தலை தூக்கியது.

அப்படியானால் நோயையும் மருந்தையும் எப்படிப் பிரிப்பது? ஒரே நோய்க்கு வெவ்வேறு மருந்து சாப்பிட்டவர்களை ஒப்பிட வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் ஃபிஷர் குழுவினர் 2010இல் இதைச் செய்தார்கள். வார்ஃபரின் சாப்பிடும் முதியவர்களிடம், சிறுநீர்த் தொற்றுக்கு வழக்கமாகத் தரப்படும் மருந்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மேல் இரைப்பை-குடல் பகுதியில் இரத்தக்கசிவு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்ந்ததைக் கணக்கிட்டார்கள். கோட்ரைமாக்சசோலுக்கு ஏறத்தாழ 3.8 மடங்கு. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 1.9. அமாக்சிசிலின், நைட்ரோஃபியூரண்டாயின், நார்ஃப்ளாக்சசின் ஆகியவற்றுக்குக் குறிப்பிடத்தக்க உயர்வில்லை. நோய் ஒன்றாக இருந்தும் விளைவு வேறு. இங்கே மருந்தின் பங்கு தெளிவாகத் தனித்துத் தெரிகிறது.

பத்தாண்டு கழித்து அதே ஒன்டாரியோவில், இம்முறை அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகட்ரான் முதலான புதிய உறைவெதிர்ப்பு மருந்துகளை வைத்து, இதே முறை மீண்டும் கைக்கொள்ளப்பட்டது. இவற்றுக்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை. மருந்துச் சிக்கலும் இல்லை என்றே பலரும் நினைத்தார்கள். ஏறத்தாழ 25,000 முதியவர்களில் கிளாரித்ரோமைசின் சாப்பிட்டவர்களையும், அதே தொற்றுகளுக்குத் தரும் அசித்ரோமைசின் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். முப்பது நாளுக்குள் இரத்தக்கசிவால் மருத்துவமனை சேர்ந்தவர்கள் 0.77 விழுக்காடும் 0.43 விழுக்காடும். 2020இல் வெளிவந்த இந்த ஆய்வு, பொதுவாக வார்ஃபரினைத் தொடும் சைப் 2சி9-ஐ விட்டு சைப் 3ஏ4, பி-கிளைக்கோபுரதம் என்ற வேறிரு வாயில்கள் வழியாகப் பழைய சிக்கல் புதிய மருந்துக்கும் வருவதைக் காட்டியது.

நான்கையும் சேர்த்து எடை போட்டால் நான் வந்துசேரும் இடம் இது. ஏற்றத்தின் ஒரு பகுதி நோயினுடையது. அது எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும் வரும். அதன் மேல் சில குறிப்பிட்ட மருந்துகள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. 'பாதுகாப்பான' அமாக்சிசிலின் எழுதிவிட்டோம் என்று ஐ.என்.ஆர். பார்க்காமல் விடுவதும், கொலராடோவைக் காட்டி மெட்ரோனிடசோலைக் கவலையின்றி எழுதுவதும் ஒரே தவறின் இரு வடிவங்கள்.

5. நம் நோயாளி யார்?

மேலே கண்ட ஆய்வுகளின் நோயாளி முதியவர். பெரும்பாலும் இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்காக உறைவெதிர்ப்பு மருந்து சாப்பிடுகிறவர். இந்திய வால்வு மருத்துவமனையின் வரிசையில் நிற்பவர் வேறு. சிறுவயதில் தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று, அதைத் தொடர்ந்து வாதக்காய்ச்சல், முப்பது வயதுக்குள் சுருங்கிப்போன மைட்ரல் வால்வு, பிறகு உலோக வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான டி.டி.கே. சித்ரா வால்வு முதன்முதலாக 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வு வாங்க வசதியில்லாதவர்களுக்கு அது வழி திறந்தது. உலோக வால்வு இருக்கும்வரை உறைவெதிர்ப்பு மாத்திரையும் இருக்கும், அதாவது ஆயுள் முழுதும்.

இவர்களுக்குப் புதிய மருந்துகள் இல்லை. உலோக வால்வில் டாபிகட்ரானைச் சோதித்த ஆய்வு, கட்டியும் கசிவும் இரண்டுமே கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. 2013இல் முடிவு வந்தது. வாதக்காய்ச்சல் வால்வு நோயோடு துடிப்பு ஒழுங்கின்மை உள்ளவர்களிடம் ரிவராக்சபானைச் சோதித்த இன்விக்டஸ் ஆய்விலும் பழைய மருந்தே வென்றது (2022). ஆகவே ஐ.என்.ஆர். நோட்டு நம்மிடமிருந்து சீக்கிரம் விடைபெறப் போவதில்லை.

நம் நோட்டில் எழுதியிருக்கும் மருந்து பெரும்பாலும் வார்ஃபரினும் இல்லை. 'அசிட்ரோம்' என்ற பெயரில் பழகிப்போன அசினோகூமரால் அது. இதிலும் எஸ், ஆர் இரு வடிவங்கள் உண்டு, ஆனால் பங்கு தலைகீழ். எஸ் வடிவத்தை சைப் 2சி9 மிக வேகமாகச் சிதைத்துவிடுவதால் வழக்கமாக வேலை செய்வது ஆர் வடிவமே. அந்த நொதியை ஒரு மருந்து தடுத்தால், இதுவரை கணக்கிலேயே இல்லாத எஸ் வடிவம் எழுந்து வருகிறது. மாத்திரையின் அரை ஆயுளும் வார்ஃபரினைப் போல ஒன்றரை நாள் இல்லை. 8 முதல் 11 மணி நேரம்தான். அதனால் மாத்திரையை நிறுத்தினால் ஐ.என்.ஆர். சீக்கிரம் இறங்கும். கசிவுக்கு இது நல்லது, வால்வுக்குக் கெட்டது. வார்ஃபரின் அட்டவணையில் உள்ள விழுக்காடுகளை அப்படியே அசினோகூமராலுக்குப் பெயர்த்து எழுதுவதை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான். அசினோகூமரால் புழங்கும் நெதர்லாந்திலிருந்து சில ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவற்றிலும் கோட்ரைமாக்சசோலின் பெயர் முன்னால் நிற்கிறது. ஆனால் அங்கே தனி உறைவெதிர்ப்பு நிலையங்கள் நாடெங்கும் உண்டு; இங்கே மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏற வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இந்த நோயாளிக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் உள்ள உறவு தற்செயலானதில்லை. வாதக்காய்ச்சல் திரும்பாதிருக்க மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சதீன் பெனிசிலின் ஊசி போட வேண்டும். அது ஐ.என்.ஆர். அளவை அசைப்பதில்லை. ஆனால் அடர்த்தியான அந்த மருந்து இடுப்புத் தசையில் ஆழமாக ஏறும்போது, ஐ.என்.ஆர். ஏற்கெனவே ஏறியிருந்தால் அந்த இடத்திலேயே இரத்தம் கட்டிக்கொள்ளும். பல் பிடுங்கும் முன் அமாக்சிசிலின் 2 கிராம். ஒரே வேளை என்பதால் கவலையில்லை. வால்விலேயே தொற்று வந்தாலோ வாரக்கணக்கில் ஊசி.

ஐ.என்.ஆர். ஏறுமோ என்ற பயத்தில் மாத்திரையை முன்கூட்டியே பாதியாகக் குறைப்பவர்களும் உண்டு. கோட்ரைமாக்சசோல் தவிர்க்க முடியாதபோது வார்ஃபரினைச் சிறிதளவு, பத்து இருபது விழுக்காடு, முன்னதாகக் குறைப்பதற்குச் சிறு ஆய்வுகளின் ஆதரவு உண்டு. லெவோஃப்ளாக்சசினுக்கு அப்படிக் குறைத்ததில் சிலருக்கு ஐ.என்.ஆர். தேவைக்குக் கீழே இறங்கிவிட்டது. துடிப்பு ஒழுங்கின்மை உள்ளவருக்குச் சில நாள் இறங்கினால் தாங்கலாம். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்கு அது வால்வுத் தட்டு அசையாமல் நின்றுபோகும் அவசரநிலையில் கொண்டுவிடும். குறைப்பதற்கும் இரத்தப் பரிசோதனைதான் துணை.

6. மருந்துக்கடையும் நாள்காட்டியும்

ஏற்றம் தெரியத் தொடங்குவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். ஆன்டிபயாடிக் ஓடுவது பொதுவாக ஐந்து அல்லது ஏழு நாள். நோட்டின் அடுத்த தேதியோ மாதக் கடைசியில் இருக்கும். ஏறி இறங்கி முடிந்த பிறகு எடுக்கும் ஐ.என்.ஆர். எதையும் காட்டாது. ஆகவே மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஒன்று, மருந்து முடிந்த வாரத்தில் இன்னொன்று என்பதே பல நாட்டு மருத்துவமனைகளின் நடைமுறை. செலவு என்று பார்த்தால் ஒரு பி.டி. பரிசோதனை பல ஆன்டிபயாடிக் பட்டைகளைவிட அதிகமில்லை. தடை பணத்தைவிட, தகவல் போய்ச் சேராததில் இருக்கிறது: காய்ச்சலுக்கு மருந்து தந்தவருக்கு நோட்டு தெரியாது, நோட்டு எழுதுபவருக்குக் காய்ச்சல் தெரியாது.

நடுவில் இருப்பது மருந்துக்கடை. 'லூஸ் மோஷனுக்கு ஏதாவது கொடுங்க' என்றால் ஆஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை வரும்; ஆர்னிடசோல் மெட்ரோனிடசோலின் நெருங்கிய உறவு. நான்கு மாத்திரை போதுமென்றால் பட்டையைக் கத்தரியால் வெட்டித் தருவார்கள், பெயர் அச்சிட்ட பகுதி கடையிலேயே நின்றுவிடும். மறுவாரம் மருத்துவர் 'என்ன மாத்திரை சாப்பிட்டீங்க' என்று கேட்டால் 'மஞ்சள் கலர்' என்பதுதான் விடை.

அரசு இதை ஒழுங்குபடுத்தவில்லையா? 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 'எச்1' அட்டவணையில் 46 மருந்துகள் இருந்தன. அவற்றை விற்றால் நோயாளி, மருத்துவர் பெயரோடு தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், மெரோபெனம், லெவோஃப்ளாக்சசின், காசநோய் மருந்துகள் அதில் இருக்கின்றன. மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின், கிளாரித்ரோமைசின் ஆகியவற்றின் பெயர் அந்த முதல் பட்டியலில் இல்லை. பட்டியலைத் தயாரித்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கிருமிகளின் எதிர்ப்புத்திறன் வளர்வதைத் தடுப்பதே அவர்கள் நோக்கம். ஆனால் உறைவெதிர்ப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எதிர்ப்புத்திறன் பட்டியல் காவலாக நிற்காது. மருத்துவர் சீட்டு வேண்டும் என்ற பொதுவான 'எச்' விதி இவற்றுக்கும் உண்டு. கடைவீதியில் அதன் கதி என்ன என்பது யாவரும் அறிந்தது.

7. எதிர்த்திசை: ரிஃபாம்பிசின்

இதுவரை ஏற்றத்தைப் பேசினோம். இந்தியாவில் இறக்கத்தையும் பேசியாக வேண்டும், ஏனெனில் உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்பங்கினர் இங்கே இருக்கிறார்கள். காசநோய்க்கான ஆறு மாதச் சிகிச்சையின் முதுகெலும்பு ரிஃபாம்பிசின். உலோக வால்வில் ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்று வந்தாலும் அதுவே சேர்க்கப்படுகிறது.

ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தடுப்பதில்லை, பெருக்குகிறது. 1970களின் நடுவில் இதை வார்ஃபரினோடு ஆராய்ந்து எழுதியவரும் அதே ஓ'ரைலிதான். தொடங்கிய ஓரிரு வாரத்தில் நொதிகள் பெருகி, உறைவெதிர்ப்பு மருந்து வந்த வேகத்தில் சிதைகிறது. ஐ.என்.ஆர். 1.2, 1.3 என்று இறங்கும். ஈடுகட்ட மாத்திரையை இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை கூட்ட வேண்டிவரும். சிலருக்கு எவ்வளவு கூட்டியும் இலக்கு எட்டாது, ஹெப்பரின் ஊசிக்கு மாற வேண்டியிருக்கும். புதிய மருந்துகளும் தப்பவில்லை: அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகட்ரான் மூன்றின் அளவும் ரிஃபாம்பிசினோடு பாதியளவோ அதற்கு மேலோ விழுகிறது. அவற்றுக்கு ஐ.என்.ஆர். பரிசோதனையும் இல்லாததால் விழுந்தது கண்ணுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்க்கவே கூடாது என்பது பொதுவான அறிவுரை.

தொடங்கும்போது நேரும் இறக்கத்தைப் பலரும் அறிவார்கள். நிறுத்தும்போது நேர்வதுதான் கவனம் தப்புகிறது. ஆறு மாதம் மெல்ல மெல்லக் கூட்டி, 2 மில்லிகிராம் சாப்பிட்டவர் 6, 8 என்று வந்து நிற்கிறார். காசநோய் மாத்திரை முடிகிறது. பெருகிய நொதிகள் உடனே மறைவதில்லை, இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாகப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. உறைவெதிர்ப்பு மாத்திரை மட்டும் அந்த உயர்ந்த அளவிலேயே தொடர்ந்தால், புதிதாக எந்த மாத்திரையும் சாப்பிடாத, காய்ச்சலும் இல்லாத, குணமாகிவிட்டார் என்று கருதப்பட்ட ஒருவருக்கு ஐ.என்.ஆர். பத்தைத் தாண்டலாம். ஆகாத மருந்துகளின் பட்டியல் எதுவும் இங்கே உதவாது. ஆபத்து வருவது மருந்து நின்றதால்.

காசநோய்த் திட்டத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் சிகிச்சை அட்டை உண்டு. எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் முடியும் என்பது அதில் முதல் நாளே தெரிந்துவிடும். வால்வு நோட்டில் அந்த முடிவுத் தேதியைக் குறித்து, அன்றிலிருந்து குறைந்தது நான்கு வாரம் வாராவாரம் ஐ.என்.ஆர். பார்த்து மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அந்த அட்டை தரும் இடமும் இந்த நோட்டு எழுதும் இடமும் பெரும்பாலும் ஒரே அரசு மருத்துவமனை வளாகத்தில்தான் இருக்கின்றன.